வளவுத் தண்ணியை மண்ணுக்குள்ள இறக்குறது எப்படி: உறிஞ்சு கிணறு போட முழு வழிகாட்டி

எங்க வீடு காரைக்குடி பக்கம், பழைய நாட்டு ஓட்டு வீடு, பாகம் பிரிச்சதுல எங்களுக்கு வந்தது பின்பாதி. ஐப்பசி பொறந்து ரெண்டு மழை விழுந்தாப் போதும், வளவுல (வீட்டு நடுவுல வானம் பாத்த திறந்தவெளி) விழுற தண்ணி மூலைக்கல் ஓட்டை வழியா ஓடி நேரா பின்கட்டுல வந்து நின்னுரும், கணுக்கால் அளவு. நாலஞ்சு நாள் நிக்கும். சுவர்ல பொதுமல், அதாவது ஈரம் ஏறி சுண்ணாம்புப் பூச்சு பொரிப் பொரியா உதிரும், ஆத்தங்குடிக் கல்லு மேல வெள்ளையா உப்பு பூத்து நிக்கும், எங்க ஆச்சி வெளக்கமாத்தை எடுத்துக்கிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு தண்ணியைத் தள்ளிக்கிட்டு இருப்பாங்க.

அந்தக் காலத்துல இந்தத் தொல்லை இல்ல. வீட்டைக் கட்டுனவங்க தரையை நல்லா உசத்திக் கட்டிருந்தாங்க, வளவுத் தண்ணி கல்வாய்க்கால்ல இறங்கி தெருவுக்குப் போயி, தெருவுல இருந்து ஊருணிக்குப் போயிரும். இப்ப என்னாச்சுன்னா, தெருவுல ரோடு மேல ரோடு போட்டுப் போட்டு எங்க பின்வாசல் படியே ஒண்ணு உள்ள போயிருச்சு, வாய்க்கால் பாதி இடத்துல மூடிக் கெடக்கு. தண்ணிக்கு வெளிய போக வழியே இல்ல. வெளிய போக முடியலன்னா கீழதான் போகணும், அதுக்குத்தான் இந்தக் கிணறு.

நாங்க இதை மூணு தடவை பண்ணுனோம். மொதல் ரெண்டும் வீணாப் போச்சு. 2003-ல தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு வந்தப்ப அவசர அவசரமா ஒரு மூணடிக் குழி தோண்டி ஜல்லி, மணல் போட்டு மூடுனது ஒண்ணு. அதைத் தெறந்து பாத்தா மேல் மணலு பானை ஓடு மாதிரி இறுகிப்போய் ஒரு சொட்டு இறங்கல. ரெண்டாவது ஒரு கொத்தனார் பண்ணுனது, எட்டடி வெட்டி முழுக்க ஒடைஞ்ச செங்கல்லைக் கொட்டி மூடிட்டுப் போயிட்டார், ரெண்டே மழைக்காலம்தான், அப்பறம் அதுவும் அடைச்சுக்கிச்சு, சுத்தம் பண்ணலாம்னா செங்கல்லை எல்லாம் வெளிய அள்ளாம உள்ள போகவே முடியாது. மூணாவது தடவை கிணறு வெட்டுறதையே தொழிலா வச்சிருக்கற அண்ணன் ஒருத்தர் வந்து ரெண்டையும் எட்டிப் பாத்துட்டு, "தம்பி, அடியில ஒரு கோளாறும் இல்ல, வாயிலதான் அடைச்சிருக்கு"ன்னார். கீழ சொல்றது முழுக்க அந்த ஒரு வார்த்தையைச் சுத்தித்தான்.

மொதல்ல, இது என்ன, எது இல்ல

இங்கிலீஷ்ல ட்ரை வெல்னு சொல்றாங்க, நம்ம பக்கம் உறிஞ்சு கிணறு, சோக் பிட், சில பேரு சும்மா உறைகிணறுன்னே சொல்லிருவாங்க. பேருக்குத்தான் கிணறு, இதுல தண்ணி இறைக்க மாட்டோம். மழை பெய்யறப்ப மேல இருந்து வர்ற தண்ணியை கொஞ்ச நேரம் புடிச்சு வச்சுக்கிட்டு, மெதுவா சுத்தியும் அடியிலயும் இருக்குற மண்ணுக்குக் குடுத்துட்டு, அடுத்த மழைக்குள்ள காலியா நிக்கணும். எந்நேரமும் தண்ணி நின்னா அது வேலை செய்யலைன்னு அர்த்தம்.

கக்கூஸ் தண்ணி இதுக்குள்ள வரவே கூடாது. செப்டிக் டேங்க் வழிஞ்சு வர்ற தண்ணியும் கூடாது. வண்டி கழுவுற தண்ணி, ஆயில், பெயிண்ட், பூச்சி மருந்து எதுவும் கூடாது. இது நேரா நிலத்தடிக்குப் போற வழி, மேல் மண்ணு வடிகட்டுற வேலையைத் தாண்டித்தான் நாம தண்ணியை இறக்குறோம். அமெரிக்காவுல சுற்றுச்சூழல் துறை இந்த மாதிரி கிணத்தையெல்லாம் பூமிக்குள்ள திரவம் செலுத்துற கிணறுன்னு கணக்குல எடுத்து, ஐந்தாம் வகுப்புன்னு தனியா பிரிச்சு வச்சிருக்காங்க, காரணம் இதேதான், நிலத்தடித் தண்ணி கெட்டுறக் கூடாது. நம்ம ஊருல பக்கத்து வீட்டுக் கெணத்துல குடிக்கத் தண்ணி எடுக்குறாங்கன்னா இன்னும் கவனமா இருக்கணும்.

குளிக்கிற, பாத்திரம் கழுவுற தண்ணிக்கு என்ன பண்றதுன்னு கேப்பீங்க. அதை ஒரு கல்வாழைப் பாத்திக்கு விடுங்க, அங்கயே பாதி உறிஞ்சிரும். மழைத் தண்ணி கிணத்தோட கலக்காதீங்க, சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போனா மண்ணோட துவாரம் வழுவழுன்னு அடைச்சுக்கும்.

ஸ்டெப் 1: மழையில நனைஞ்சு பாருங்க

சிரிக்காதீங்க, நெசமாத்தான். நல்ல மழை பெய்யறப்ப குடையை எடுத்துக்கிட்டு வீட்டைச் சுத்தி நடங்க, போன்ல வீடியோ எடுங்க. தண்ணி எங்க இருந்து வருது, எந்த ஓட்டுச் சரிவுல இருந்து எந்த மூலைக்கு எவ்வளவு விழுது, வளவு மூலை ஓட்டை அடைச்சிருக்கா, பக்கத்து வீட்டுத் தண்ணி உங்க பக்கம் வருதா, எல்லாம் அப்பதான் தெரியும். எங்களுக்கு அப்பதான் தெரிஞ்சது, பின்கட்டுல நின்ன தண்ணியில ஒரு நல்ல பங்கு எங்க வீட்டுதே இல்ல, அடுத்த பங்காளி வீட்டு மாடித் தண்ணி, ஒடைஞ்ச பைப்பு வழியா எங்க சுவர் ஓரமா வழியுது. அதை அவங்ககிட்ட பேசி ஒரு எல்போ (வளைவுப் பைப்) மாட்டித் திருப்பி விட்டதுலயே கால்வாசிப் பிரச்சினை தீந்துச்சு. கிணறு வெட்டுறதுக்கு முன்னாடி இதைப் பண்ணலைன்னா ஊரான் தண்ணிக்கும் சேத்து நீங்க குழி வெட்டுவீங்க.

ஸ்டெப் 2: மண்ணு குடிக்குமா குடிக்காதா

செட்டிநாட்டுப் பக்கம் பெரும்பாலும் செம்மண்ணு, அதுக்குக் கீழ செம்புறாங்கல். இது நமக்குக் கெடைச்ச வரம், அந்தக் கல்லுல பொத்தல் பொத்தலா இருக்கும், தண்ணியை நல்லா உள்ள இழுக்கும். ஆனா எல்லா இடத்துலயும் அப்படி இல்ல. ஒரே தெருவுல ஒரு வீட்டுல செம்மண்ணு, நாலு வீடு தள்ளி கண்மாய்க்கரைப் பக்கமா களிமண்ணு. அதனால பக்கத்து வீட்டுக்காரர் சொல்றதை நம்பாம உங்க எடத்துல நீங்களே பாருங்க.

எப்படின்னா, கிணறு வரப்போற எடத்துல கடப்பாரை வச்சு நாலடி ஆழத்துக்கு ஒரு குழி, அடியில ஒரு அடி அகலம் இருந்தாப் போதும். மொத நாள் சாயங்காலம் தண்ணியை ரொப்பி அப்படியே விட்ருங்க, காஞ்ச மண்ணு எவ்வளவு வேணாலும் குடிக்கும், அதை வச்சு கணக்குப் போட்டா ஏமாந்துருவீங்க. மறுநாள் காலைல திரும்ப ஒரு அடி ஒசரத்துக்கு தண்ணி ஊத்தி, ஒரு குச்சியில இஞ்ச் கோடு போட்டு நட்டு வச்சு, அரை மணிக்கு ஒரு தடவை எவ்வளவு இறங்கியிருக்குன்னு எழுதுங்க. மூணு நாலு தடவை பாத்தா ஒரு நிதானமான அளவு கெடைக்கும்.

மணிக்கு ரெண்டு இஞ்சுக்கு மேல இறங்குனா யோசிக்காம வெட்டலாம். ஒரு இஞ்ச்னா வெட்டலாம், ஆனா கொஞ்சம் பெருசா வெட்டணும். அரை இஞ்ச் கூட இறங்கலன்னா அங்க களிமண்ணு, அந்த ஆழத்துல வேலைக்காகாது. களிமண்ணுக்குக் கீழ சவுடோ செம்புறாங்கல்லோ இருந்தா அது வரைக்கும் போகலாம். அதுவும் இல்லைன்னா காசை வீணாக்காம தண்ணியை ஊருணிக்கோ தெரு வாய்க்காலுக்கோ கொண்டுபோற வழியைப் பாருங்க. எங்க குழியில மணிக்கு மூணு இஞ்ச் இறங்குச்சு.

இதுல இன்னொரு விஷயம், டெஸ்டை கோடையில பண்ணுனீங்கன்னா நிலத்தடி மட்டம் எங்க இருக்குன்னு தெரியாது. கார்த்திகை மாசம் பக்கத்துக் கெணத்துல தண்ணி எத்தனை அடியில நிக்குதுன்னு கேட்டு வச்சுக்கங்க. நம்ம கிணத்து அடி அதுக்கு நாலடியாவது மேல இருக்கணும், இல்லைன்னா மழைக்காலத்துல கீழ இருந்தே தண்ணி ஏறி வந்து கிணறு எப்பவும் ரொம்பியே இருக்கும், மேல இருந்து வர்றதுக்கு எடமே இருக்காது.

ஸ்டெப் 3: எடம்

சுவர் அஸ்திவாரத்துல இருந்து பத்தடியாவது தள்ளி இருக்கணும். பழைய வீடுன்னா இன்னும் தள்ளி இருந்தா நல்லது, ஏன்னா அந்த அஸ்திவாரம் செங்கல்லு சுண்ணாம்புல போட்டது, அதுக்குப் பக்கத்துல போய் தண்ணியை இறக்குனா பொதுமலைக் கூப்பிட்டு உள்ள விடுற மாதிரி. செப்டிக் டேங்க்கும் இதுவும் எவ்வளவு விலகி இருக்கோ அவ்வளவு நிம்மதி, குடிதண்ணிக் கெணத்துல இருந்து அம்பது அடியாவது தள்ளி வைங்க. பெரிய மரத்துக்குப் பக்கம் வேணாம், வேர் உறையை (கிணத்துக்குச் சுவரா அடுக்குற சிமெண்ட் வளையம்) பொளந்துக்கிட்டு வந்துரும், எங்க வேப்ப மரம் பழைய குழியை அப்படித்தான் பண்ணுச்சு.

வாஸ்து பாக்குறவங்க ஈசானிய மூலைன்னு நிப்பாங்க. எங்க வீட்டுலயும் ரெண்டு நாள் அந்தப் பேச்சு ஓடுச்சு. எங்க ஈசானிய மூலைதான் வீட்டுலயே மேடான எடம், தண்ணி அங்க போகவே போகாது. தண்ணிக்குத் தெரிஞ்ச ஒரே வாஸ்து பள்ளம்தான்னு ஆச்சியே கடைசியில சொல்லிட்டாங்க, அதோட முடிஞ்சது.

ஸ்டெப் 4: அளவு கணக்கு

இதை பயப்படாம போடுங்க, பள்ளிக்கூடக் கணக்குதான். ஆயிரம் சதுர அடி கூரைன்னா சுமாரா 93 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா 93 லிட்டர். நம்ம பக்கம் வருஷ மழை சுமார் 900 மில்லிமீட்டர், அதுல ஒரு பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவத்துலதான், அதுவும் மெதுவா தூறாது, ரெண்டு மணி நேரத்துல கொட்டித் தீத்துரும். அதனால ஒரே மூச்சுல 50 மில்லிமீட்டர் பெய்யும்னு வச்சுக்கங்க. 93 பெருக்கல் 50, 4,650 லிட்டர். ஓடு கொஞ்சம் உறிஞ்சும், கொஞ்சம் தெறிச்சுப் போகும், நூத்துக்கு பதினஞ்சு கழிச்சா கிட்டத்தட்ட 4,000 லிட்டர்.

இப்ப கிணத்துக்கு வாங்க. 3 அடி விட்டம் உள்ள உறைன்னா ஒரு அடி ஆழத்துக்கு 200 லிட்டர் புடிக்கும். 4 அடி உறைன்னா 356 லிட்டர். 5 அடின்னா 556. பாருங்க, அகலம் மூணுல இருந்து அஞ்சு ஆனா கொள்ளளவு கிட்டத்தட்ட மூணு மடங்கு ஆயிருது. நாங்க எடுத்தது 4 அடி உறை, தண்ணி உள்ள வர்ற பைப்புக்குக் கீழ 11 அடி ஆழம். 3,900 லிட்டர் புடிக்கும். பைப்புக்கு மேல இருக்குற அடியெல்லாம் கணக்குல வராது, இதைத்தான் பல பேரு மறந்துர்றாங்க.

அந்தத் தண்ணி எப்ப காலியாகும்? மணிக்கு மூணு இஞ்ச் குடிக்கிற மண்ணுல, பக்கவாட்டுலயும் அடியிலயும் சேத்து இறங்குனா, ரொம்புன கிணறு பத்து மணி நேரத்துல காலியாகணும். ராத்திரி ரொம்புனா மறுநாள் காலையில அடி தெரியும். மணிக்கு ஒரு இஞ்ச் மண்ணுல இதே கிணறு ஒண்ணேகால் நாள் எடுக்கும். நாள் போகப் போக வண்டல் படிஞ்சு வேகம் கொறையும், அதனால கணக்குல வந்ததை அப்படியே நம்பாம ரெண்டு மடங்கு நேரம் ஆகும்னு வச்சுக்கங்க. எந்த மழையா இருந்தாலும் ரெண்டு நாளைக்குள்ள காலியாகுற மாதிரி இருந்தா சரி.

பெரிய செட்டிநாட்டு வீடு, இந்தத் தெருவுல முகப்பு அந்தத் தெருவுல பின்வாசல்னு இருக்குற வீடெல்லாம் ஏழாயிரம் எட்டாயிரம் சதுர அடி ஓடு. அதுல 50 மில்லிமீட்டர் விழுந்தா முப்பதாயிரம் லிட்டருக்கு மேல. ஒத்தக் கிணறு கட்டுப்படி ஆகாது, இதே அளவுல ஏழெட்டுப் போடணும், இல்லைன்னா முன்கட்டுத் தண்ணியை பழைய வாய்க்காலுக்கே விட்டுட்டு பின்கட்டுக்கு மட்டும் கிணறு. அத்தனை தண்ணியையும் ஊருணிக்குக் கொண்டு போயி, ஊருக்கே குடிதண்ணி ஆக்குனவங்க கணக்குத் தெரிஞ்சுதான் பண்ணியிருக்காங்க.

ஸ்டெப் 5: வெட்டு

ஆனி, ஆடியில வெட்டுங்க. புரட்டாசிக்கு மேல ஆள் கெடைக்காது, கெடைச்சாலும் குழி வெட்டுற அன்னைக்குத்தான் மழை வரும்.

4 அடி உறைக்கு அஞ்சரை அடி விட்டம் வெட்டணும். உறைக்கும் மண்ணுக்கும் நடுவுல சுத்தி அரையடி ஜல்லி போடுறதுக்கு அந்த எடம். செம்புறாங்கல் தரையில சுவர் தானா நிக்கும், முழு ஆழமும் வெட்டி முடிச்சுட்டு கீழ இருந்து ஒவ்வொரு உறையா அடுக்கிக்கிட்டு வரலாம். பொலபொலன்னு உதிர்ற மண்ணுன்னா அப்படி வெட்டவே கூடாது, உறையை மேல வச்சு உள்ள மண்ணை அள்ள அள்ள உறை தானா கீழ இறங்கும், அது மேல அடுத்த உறை, இப்படித்தான் இறக்கணும். அந்த முறையில சுத்திவர ஜல்லி போட முடியாது, உறையில ஓட்டை மட்டும் கூடுதலா வச்சுக்கணும்.

உள்ள எறங்குறவர் இடுப்புல கயிறு, மேல எந்நேரமும் ஒரு ஆள். அள்ளுன மண்ணை குழி ஓரத்துல குவிக்கக் கூடாது, மூணடி தள்ளிக் கொட்டணும், அந்தப் பாரத்துலயே ஓரம் சரியும். பழைய மூடுன குழி, பழைய கிணறுன்னா காத்து இல்லாம ஆள் மயங்கி விழுந்த கதை நெறைய உண்டு, தொறந்து வச்சு காத்து ஊதி விட்டு அப்பறம்தான் எறங்கணும், ஒருத்தர் விழுந்துட்டார்னு பதறி இன்னொருத்தர் குதிக்கக் கூடாது. சொந்தமா வெட்டிறலாம்னு நெனைக்கிற தம்பிமாருக்கு, அஞ்சு அடிக்கு மேல வேணாம்ப்பா, தெரிஞ்சவங்களைக் கூப்பிடு.

கூலி பேசுறப்ப அடிக்கு இவ்வளவு, உறைக்கு இவ்வளவுன்னு தனித்தனியா பேசுங்க. கல்லு வந்தா கூடுதல்னு பாதியில நிப்பாங்க, அதையும் மொதல்லயே பேசிருங்க. எடுத்த செம்மண்ணை யாருக்குன்னும் பேசிருங்க, எங்க மண்ணு ரெண்டு டிராக்டர் போச்சு, நான் கேக்கவே இல்ல.

ஸ்டெப் 6: உறை, ஜல்லி

உறை வாங்குறப்பவே பக்கத்துல ஓட்டை வச்சது கேளுங்க. இல்லைன்னா கீழ எறக்குறதுக்கு முன்னாடி டிரில் போட்டு உறைக்கு எட்டு பத்து ஓட்டை, ஒரு இஞ்ச் அளவு. கீழ் உறைகளுக்கு நடுவுல சிமெண்ட் பூச வேணாம், அந்த இடுக்கு வழியாவும் தண்ணி போகட்டும். மேல் ரெண்டு மூணு உறைக்கு மட்டும் நல்லா பூசி இறுக்கிருங்க, ஓட்டையும் வேணாம், இல்லைன்னா மேல் மண்ணு கரைஞ்சு உள்ள கொட்டும்.

அடியில சிமெண்ட் போடவே கூடாது. சொன்னா சிரிப்பீங்க, நாங்க ஒரு மணி நேரம் வெளிய போயிட்டு வந்தா கூட வந்த கொத்தாள் "அடி சுத்தமா இருக்கட்டும்ணே"ன்னு கலவை குழைச்சுக்கிட்டு இருந்தார், அண்ணன் வஞ்ச வசவு தெரு முழுக்கக் கேட்டுச்சு. அடியில ஒரு அடிக்கு ஒன்றரை இஞ்ச் ஜல்லி, அவ்வளவுதான். மேல இருந்து விழுற தண்ணி மண்ணைக் குடையாம இருக்கத்தான் அது. சுத்தி அரையடி எடத்துலயும் அதே ஜல்லி, கழுவுனதா இருக்கணும், குவாரித் தூளோட கொட்டுனா அந்தத் தூளே மொத மழையில அடைச்சுரும். மேல் ரெண்டு அடிக்கு ஜல்லியை நிறுத்திட்டு மண்ணைப் போட்டு திமிசுக்கட்டையால இடிச்சு இறுக்குங்க.

உள்ள முழுக்க கல்லு, செங்கல் ரொப்பச் சொல்றவங்க இருக்காங்க. வேணாம். ரொப்புனா தண்ணி நிக்க எடம் மூணுல ஒரு பங்குதான் மிச்சம், 3,900 லிட்டர் கிணறு 1,300 ஆயிரும். அதை விட முக்கியம், உள்ள எறங்கி வழிக்க முடியாது. எங்க ரெண்டாவது குழி செத்தது இதுலதான். காலியா விடுங்க.

ஸ்டெப் 7: வண்டல் தொட்டி, இதுலதான் உயிர் இருக்கு

கிணத்துக்கு முன்னாடி ஒரு சின்னத் தொட்டி. ரெண்டடிக்கு ரெண்டடி, மூணடி ஆழம், இதுக்கு மட்டும் அடியிலயும் சிமெண்ட் பூசலாம். வீட்டுல இருந்து வர்ற பைப் ஒரு பக்கம், கிணத்துக்குப் போற பைப் எதிர்ப்பக்கம், தொட்டியோட அடியில இருந்து ஒன்றரை அடி ஒசரத்துல. ஓட்டுத் தூசி, பாசி, மண்ணு எல்லாம் அந்த ஒன்றரை அடிக்குள்ள அடங்கிரும், தெளிஞ்ச தண்ணிதான் தாண்டிப் போகும். வெளிய போற பைப் வாயில ஒரு எல்போவை கீழ் நோக்கி மாட்டி விட்டா மெதக்குற இலை, பூவு, தெர்மாகோல் எதுவும் உள்ள போகாது. சின்னச் சாமான்தான், இதை விட்டுட்டுத்தான் ஊரு பூரா குழி அடைச்சுக் கெடக்கு.

தொட்டிக்குள்ள தண்ணி விழுற எடத்துல ஒரு வடிகட்டி வைங்க. நாங்க வச்சிருக்கறது பழைய கல்யாணச் சாமான்ல இருந்த சோறு வடிக்கிற பெரிய சிப்பித்தட்டு, நாலு செங்கல்லு மேல உக்காந்திருக்கு. மழை விட்டதும் தூக்கி ஒரு தட்டு தட்டுனா வேப்பிலை எல்லாம் விழுந்துரும். ஆச்சிக்கு அதுல மனசே இல்ல, "பொண்ணுக்குச் சீர் குடுத்த தட்டுடா அது"ன்னு இன்னைக்கும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க.

ஸ்டெப் 8: பைப்பும் சரிவும்

ஆயிரம் சதுர அடிக்கு 4 இஞ்ச் பிவிசி போதும், அதுக்கு மேலன்னா 6 இஞ்ச். பத்தடி நீளத்துக்கு ஒண்ணேகால் இஞ்ச் சரிவு குடுங்க, டியூப் லெவல்ல (தண்ணி ரொப்புன டியூபை வச்சு மட்டம் பாக்குறது) பாத்துருங்க, கண்ணளவு நம்பாதீங்க. திருப்பத்துல எல்லாம் மூடி வச்ச டீ (T மாதிரி இருக்குற பைப் இணைப்பு) போடுங்க, அடைச்சா கம்பி விட்டுக் குத்தலாம்.

வளவுக்குள்ள இருக்குற பழைய கல்லு ஓட்டையை ஒடைச்சு அகலம் பண்ணாதீங்க. அந்த வாயிலயே ஒரு வலையை வச்சு, வெளிப்பக்கம் பைப்பை மாட்டிக்கங்க.

ஸ்டெப் 9: ரொம்புனா எங்க போகும்

எவ்வளவு பெரிய கிணறு வெட்டுனாலும் ஒரு நாள் ரொம்பும். புயல் மழைக்கு எந்தக் கணக்கும் நிக்காது. அன்னைக்குத் தண்ணி திரும்பி வளவுக்குள்ள வராம இருக்கணும்னா வழிஞ்சு போற பைப் ஒண்ணு கட்டாயம் வேணும், அதோட வாய் வளவுத் தரை மட்டத்துக்கு நல்லா கீழ இருக்கணும். அதைத் தெரு வாய்க்காலுக்கோ தோட்டத்துக்கோ விடுங்க. தெரு உங்களை விட மேடுன்னா தோட்டம்தான். எங்களுக்கு தென்னை மரத்துக் குழி.

ஸ்டெப் 10: மூடி

2019-ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில மூடாம விட்ட ஆழ்துளைக் குழியில புள்ளை விழுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. வெட்ட ஆரம்பிச்ச நாள்ல இருந்து மூடி போடுற வரைக்கும் ராத்திரி தகரம் போட்டு மேல பாரம் வைங்க, சுத்திக் கயிறு கட்டுங்க. முடிஞ்சதும் கம்பி போட்ட கான்கிரீட் ஸ்லாப், நடுவுல ரெண்டடி மேன்ஹோல், பூட்டுற மாதிரி. காத்துப் போக ஒரு சின்னப் பைப், அதோட வாயில கொசு வலை. டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை வைக்கும், வண்டல் தொட்டியில எந்நேரமும் ஒன்றரை அடி தண்ணி நிக்கும், அதுக்கும் இறுக்கமான மூடி வேணும்.

ஸ்டெப் 11: மழை வர்றதுக்கு முன்னாடி ஒத்திகை

மோட்டாரைப் போட்டு ஓஸ்ல ஆயிரம் ரெண்டாயிரம் லிட்டர் வளவுல விடுங்க, கூரையில இருந்து வர்ற மாதிரியே. ஒழுகுதா, தொட்டியில சுழிச்சுக்கிட்டு நிக்குதா, கிணத்துல எவ்வளவு ஏறுச்சு, எத்தனை மணிக்கு காலியாச்சுன்னு எழுதி வைங்க. இந்த மொத அளவு ரொம்ப முக்கியம். நாலு வருஷம் கழிச்சு கிணறு மெதுவாயிருச்சான்னு தெரியணும்னா ஒப்பிட இதுதான் இருக்கு.

பழைய கிணறு இருக்கே, அதுலயே விட்றலாமா?

இதை எல்லாரும் கேப்பாங்க. ஓட்டுத் தண்ணி, மாடித் தண்ணி மட்டும்னா வண்டல் தொட்டி வச்சு, மொத மழைத் தண்ணியை வெளிய விட்டுட்டு, அப்பறம் பழைய கிணத்துக்கு விடலாம், நல்ல காரியம், சீக்கிரமே ஊறும். முத்தத்துத் தண்ணி, மாட்டுக் கொட்டில் தண்ணி, தெருத் தண்ணி விடவே கூடாது. காஞ்சு போன போர்வெல்லு இன்னும் மோசம், மேல விட்ட அழுக்கு எந்த மண்ணுலயும் வடிகட்டாம நேரா நூறு அடிக்குக் கீழ போகும், அதைத் திரும்ப எடுக்க யாராலயும் முடியாது. இங்க காரைக்குடிக்குக் குடிதண்ணி குடுக்குற சம்பை ஊத்துத் தண்ணியை இவ்வளவு பெருமையா பேசுறோம், அதுவும் இந்தச் செம்மண்ணு வழியா இறங்குன மழைதானே.

வருஷா வருஷம்

புரட்டாசி மொத வாரம் ஒரு நாள். ஓட்டு மேல இருக்குற சருகைக் கூட்டுங்க. வண்டல் தொட்டியை அள்ளுங்க. பைப் மூடியைத் தொறந்து ஒரு பக்கெட் தண்ணி ஊத்திப் பாருங்க. மழைக்காலத்துல ஒவ்வொரு பெரிய மழைக்கு அப்பறமும் சிப்பித்தட்டைத் தட்டுங்க, அது ரெண்டு நிமிஷம். சித்திரை, வைகாசியில வர்ற கோடை மழையோட மொதத் தண்ணி ஆறு மாசத் தூசியைக் கொண்டு வரும், அதைக் கிணத்துக்கு விடாம டீ மூடியைக் கழட்டி தோட்டத்துக்குத் திருப்பிருங்க.

கிணத்துக்குள்ள மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஆளை எறக்கி அடி ஜல்லியை வெளிய எடுத்துக் கழுவிப் போடணும். அதுக்கு முன்னாடியே வேணுமான்னு தெரிஞ்சுக்க ஒரு மூங்கிக் கம்பு போதும், மழை விட்டு ஒரு நாள் கழிச்சு உள்ள விட்டுப் பாருங்க, நுனியில ஈரம் மட்டும் இருந்தா சரி, முழங்கை அளவு சேறு ஒட்டிக்கிட்டு வந்தா ஆளைக் கூப்பிடுங்க. நாங்க மூடியோட அடிப்பக்கம் தார் பெயிண்ட்ல தேதி எழுதிக்கிட்டு வர்றோம். போன புரட்டாசியில தொட்டியில இருந்து ரெண்டு தட்டு வண்டல் வந்துச்சு, கருப்பா, நல்ல எரு மாதிரி, ஆச்சி அதை அப்படியே வாழைக்குப் போட்டுட்டாங்க.